பானை முன் ஆடிய மேஸ்திரி

எர்மிலோ மேஸ்திரியின் முகத்தை முதல்முறை பார்க்கிறவர்கள், யாரோ அவரை இப்போதுதான் ஏமாற்றிவிட்டு ஓடியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. அவர் முகமே அதுதான். ஞானஸ்நானத்தின்போது எடுத்த போட்டோவில்கூட அதே முகம் என்று அவர் மகளே சொல்லியிருக்கிறாள். தெவாக்கானிலிருந்து தெற்கே போகிற சாலையில் அவரைத் தெரியாத தோர்த்தியாக் கடை கிடையாது. சோள மாவை ரொட்டியாகத் தட்டி, சுட்டு, வரிசையாக வெளியே தள்ளுகிற அந்த மெஷின் எந்த ஊரில் மக்கர் பண்ணினாலும் அவருக்குத்தான் ஆள் போகும். மடியில் இரும்புப் பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்குவார். உடனே மெஷினைத் தொடமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் நின்று காது கொடுப்பார். பிறகு, "மூணாவது உருளை அழுவுது" என்பார். பிரித்துப் பார்த்தால் மூன்றாவது உருளைதான் தேய்ந்திருக்கும்.

முதுகுக்குப் பின்னால் அவரை எலுமிச்சை என்பார்கள். முகத்துக்கு நேரேயும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். இந்தச் சாலையில் பட்டப்பெயரை ஒளித்து வைக்கிற வழக்கம் யாருக்கும் இல்லை.

அவர் குறை சொல்லாத பொருள் உலகத்தில் கிடையாது. பஸ் சீட்டு சாய்கிறது, மேகம் தப்பான பக்கத்தில் நிற்கிறது, பாதிரியார் மூக்கால் பேசுகிறார். எனக்கென்னவோ இதில் அவர் தப்பு எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை. முப்பத்தைந்து வருஷமாக ஒரு மனிதனுக்கு வேலையே எங்கே குறை என்று தேடுவதுதான். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவர் சொன்னால் அன்றைக்கு அவருக்குப் பிழைப்பு இல்லை. அந்தக் காதை மாலையில் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டா வர முடியும்?

மனைவி ருஃபினா கண்ணை மூடி ஒன்பது வருஷம். மகள் மொந்தெர்ரேயில் குடித்தனம். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள், பேரன் இரண்டு நிமிஷம் பேசுவான். மற்றபடி வாரம் முழுக்க அவருக்குச் சாப்பாடு சாலையோரக் கடைகளில்தான். திங்கள் ஒரு ஊர், செவ்வாய் ஒரு ஊர். எந்தக் கடையிலும் காலியாக இருக்கிற இடத்தில் உட்காருவார், சாப்பிடுவார், எழுந்து போவார். வியாழக்கிழமை மட்டும் வேறு. அன்றைக்கு சாந்தா ரீத்தா ஊரில், பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே, அக்கா தங்கை இரண்டு பேர் நடத்துகிற சாப்பாட்டுக்கடை.

ஆறு மேஜை. பிளாஸ்டிக் விரிப்பு. அடுப்படிக்கும் சாப்பிடுகிற இடத்துக்கும் நடுவே இடுப்பளவு சுவர்தான், ஆகவே உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரியும். அக்கா கசில்தாவுக்கு அறுபது வயது, ஊரே அவளை மரியாதையாகத் தோன்யா என்று கூப்பிடும். கனத்த உடம்பு, முட்டி இரண்டும் போய்விட்டது, குரல் மட்டும் போகவில்லை. கல்லா, கறிக்குழம்பு, ஊர் வம்பு மூன்றும் அவள் பொறுப்பு. தங்கை ஒப்துலியா பன்னிரண்டு வயது இளையவள், ஒடிசல். மாவு அடிப்பதும், அடுப்புப் பற்றவைப்பதும், தட்டு எடுப்பதும், பாத்திரம் கழுவுவதும் அவள். எப்போதும் சிரித்த முகம். ஒப்துலியாவுக்குக் கோபமே வராது என்பது அந்த ஊரில் மலைக்கு உச்சி இருக்கிறது என்பது மாதிரி எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

எர்மிலோவுக்கு அங்கே ஓர் இடம் இருந்தது. அடுப்படிச் சுவரை ஒட்டிய மேஜை, சாலையைப் பார்த்த நாற்காலி. பன்னிரண்டு வருஷமாக வியாழக்கிழமை மதியம் அதில் அவர்தான். அவர் உட்கார்ந்ததும் கேட்காமலே சூப்பு வரும், பிறகு சிவப்புச் சோறு, பிறகு அன்றைய குழம்பு, பெரிய குவளையில் செம்பருத்திப்பூ ஊறவைத்த புளிப்புத் தண்ணீர். கசில்தா சுவருக்கு மேல் எட்டிப் பார்ப்பாள்.

"என்ன மேஸ்திரி, சூப்பு எப்படி?"

"சூடா இருக்கு."

"அவ்வளவுதானா?"

"சூடா இருக்கறது சின்ன விஷயமா, தோன்யா கசில்தா? நேத்து சாப்பிட்ட எடத்துல அதுவும் இல்ல."

"அடியே ஒப்துலியா! மேஸ்திரி இன்னிக்கு நம்மளப் பாராட்டிட்டாரு. காலண்டர்ல குறிச்சு வைடி!"

கடையே சிரிக்கும். எர்மிலோ சிரிக்கமாட்டார், ஆனால் இரண்டாவது தட்டு சோறு கேட்பார். இதற்காகத்தான் அவர் புதன்கிழமை ராத்திரியே சட்டையை இஸ்திரி போட்டு வைப்பார் என்று யாருக்கும் தெரியாது.

அந்த வருஷம் பிப்ரவரி இரண்டாம் தேதி வியாழக்கிழமையில் வந்தது. குழந்தை யேசு சொரூபத்துக்குப் புது உடுப்புப் போட்டுக் கோயிலுக்குத் தூக்கிப் போகிற நாள். அன்றைக்குத் தமால் சாப்பிடாத வீடு இந்த நாட்டிலேயே இருக்காது. சோள மாவைக் கொழுப்போடு பிசைந்து, நடுவில் காரக்கறி வைத்து, சோள மடலில் சுற்றி, அடுக்கடுக்காகப் பானையில் நிறுத்தி ஆவியில் வேகவைப்பது. அந்த வருஷம் அவர்கள் பேட்டைக் குழந்தை யேசுவுக்கு ஞானத்தாய் கசில்தாதான். ஐந்து மணிக்குப் பூசை. பூசை முடிந்ததும் பேட்டை முழுக்க இந்தக் கடைக்கு வந்து சாப்பிட வேண்டும். முந்நூறு தமால்.

மதியம் ஒரு மணிக்கு எர்மிலோ பஸ்ஸை விட்டு இறங்கினார். கடை வாசலில் புதிதாக ஒரு போர்டு. நீலப் பலகை, மஞ்சள் எழுத்து, பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. 'கசில்தா சாப்பாட்டுக்கடை' என்று எழுதியிருந்தது. பதினாலு வருஷமாகப் பெயரே இல்லாமல் ஓடிய கடை. "எழுத்து சாஞ்சிருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே போனார்.

உள்ளே சத்தமே இல்லை. நான்கைந்து பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆரஞ்சு லாரி ஓட்டுகிற நாபோர் ஒரு மேஜையில், ஊர் பெயர் தெரியாத பஸ் பயணிகள் இரண்டு மூன்று பேர் மற்ற மேஜைகளில். எர்மிலோ வழக்கப்படி எல்லோரையும் பார்த்து, "நல்லாச் சாப்பிடுங்க" என்றார். அவர்களும் மெல்ல முனகினார்கள். தன் இடத்தில் உட்கார்ந்தார், கேட்காமலே சூப்பு வந்தது. மூலையில் பூக்களுக்கு நடுவே குழந்தை யேசு வெள்ளைச் சரிகை உடுப்போடு உட்கார்ந்திருந்தார். அவரும் கொஞ்சம் கவலையாகத்தான் தெரிந்தார்.

அடுப்படி மூலையில், செங்கல் கட்டுக்குள் உட்கார்த்தியிருந்த பெரிய தகரப் பானையின் முன்னால் கசில்தா இடுப்பில் கை வைத்து நின்றாள். பானையின் இரண்டு காதிலும் சோள மடலைக் கிழித்து முடிச்சுப் போட்டிருந்தது, ஊர்ச் சண்டை எதுவும் பானைக்குக் கேட்காமல் இருப்பதற்காக.

"காலைல பத்து மணிக்கு ஏத்தினது" என்றாள், யாரிடம் என்று இல்லாமல். "மூணு மணி நேரம். இப்ப ஒண்ண எடுத்துப் பிரிச்சுப் பாக்கறேன், மாவு மாவாவே இருக்கு! காசுகூடச் சத்தம் போடல."

பானையின் அடியில் தண்ணீரோடு ஒரு காசைப் போட்டுவைப்பார்கள். தண்ணீர் கொதிக்கக் கொதிக்க அது டக் டக் என்று ஆடிக்கொண்டே இருக்கும். சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். ஆனால் கசில்தா இரண்டு முறை வெந்நீர் ஊற்றிவிட்டாள். அப்படியும் காசு வாயைத் திறக்கவில்லை.

"யாரோ இங்க கோவமா இருக்காங்க" என்றாள் கசில்தா.

இதில் விளக்குவதற்கு ஒன்றும் இல்லை. கோபக்காரர் ஒருவர் வீட்டில் இருந்தால் தமால் வேகாது. என் வீட்டிலும் இரண்டு முறை வேகாமல் போயிருக்கிறது, யாரால் என்று நான் சொல்லப்போவதில்லை. அதற்கு ஒரே வழி, அந்தக் கோபக்காரர் பானைக்கு முன்னால் வந்து ஆட வேண்டும். ஆடிக்கொண்டே தன் கோபம் என்னவென்று பானையிடம் சொல்லிவிட வேண்டும். பிறகு வெந்துவிடும்.

கசில்தா சுவருக்கு மேல் சாய்ந்து ஒவ்வொருவராக விசாரித்தாள். பஸ் பயணிகள், தங்களுக்கு யார் மேலும் வருத்தமில்லை என்று சத்தியம் செய்தார்கள். நாபோர் கையைத் தூக்கினான்.

"எனக்கு என் முதலாளி மேல கோவம், தோன்யா. ஆனா அது பத்து வருஷத்துக் கோவம். போன வருஷமும் இருந்துச்சு, தமால் வெந்துச்சே?"

"நீ இல்லடா." அவள் கண் மெதுவாகத் திரும்பி எர்மிலோ மேல் நின்றது. எல்லோர் கண்ணும் கூடவே வந்தது.

"நானா?" என்றார் எர்மிலோ. கரண்டி வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

"அவரு இப்பத்தானே பஸ்ஸ விட்டு எறங்குனாரு?" என்றான் நாபோர்.

"அந்த மூஞ்சிக்குத் தெவாக்கான்ல இருந்தே வேலை செய்யற சக்தி உண்டு."

நாபோர் சிரித்தான். கசில்தா சிரிக்கவில்லை. அப்போதுதான் எர்மிலோவுக்கு விஷயம் விளையாட்டில்லை என்று உறைத்தது.

"தோன்யா கசில்தா, வழிய விடுங்க. பர்னரை ஒரு தடவ பாத்துடறேன். அடுப்புல ஏதோ அடச்சிருக்கும்."

"என் அடுப்புல ஒண்ணும் அடைக்கல! அந்த எலுமிச்சை மூஞ்சியோட என் பானைகிட்ட வராதீங்க, இருக்கறதும் திரிஞ்சிடும். ஆடறீங்களா?"

"நான் மெஷின்காரன். பானை முன்னாடி ஆடறதுக்கு வேற ஆளப் பாருங்க."

"அப்போ கோழிக்காரன் போன வழியிலேயே போங்க."

கோழிக்காரன் கதை எல்லோருக்கும் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கோழி வியாபாரி, இதே மாதிரி தமால் வேகாத நாளில் ஆடமாட்டேன் என்று வீறாப்பாக எழுந்து போனான். இன்றைக்கும் அவன் இந்தக் கடைப் படி ஏற முடியாமல் எதிர்ச்சாரியில் நடந்துபோய்ப் பெட்டிக்கடையில் பிஸ்கட் வாங்கித் தின்கிறான். கசில்தா சொன்னால் சொன்னதுதான்.

எர்மிலோ எழுந்தார். கை கழுவிவிட்டுப் போய்விடலாம் என்று கொல்லைப்புறம் நடந்தார். நடை என்னவோ மிடுக்காகத்தான் இருந்தது. இந்தக் கடை இல்லாவிட்டால் வியாழக்கிழமையும் திங்கட்கிழமை மாதிரிதான். எங்கேயாவது காலி இடம், யாருடைய முதுகையாவது பார்த்துக்கொண்டு சாப்பாடு, எழுந்து போனால் யாருக்கும் தெரியாது. ஐம்பத்தெட்டு வயதில் இன்னொரு கடையில் இன்னொரு பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்து ஓர் இடம் பிடிக்க அவருக்குத் தெம்பு இல்லை.

கொல்லையில் கல்தொட்டி. அதற்குப் பக்கத்தில், அடுப்படி ஜன்னலுக்கு நேர் கீழே, இரண்டு கேஸ் சிலிண்டர். ஒன்று சமையல் அடுப்புக்கு, ஒன்று பெரிய பானை அடுப்புக்கு. கையை நனைத்தபடி நின்றவருக்கு, அவரைக் கேட்காமலே காது வேலை செய்தது. முதல் சிலிண்டரின் குழாய் மெல்ல இரைந்தது. இரண்டாவது குழாயில் மூச்சே இல்லை, ஒரு நூல் அளவுக்குத்தான் காற்று போனது. குனிந்து பார்த்தார். திருகு கிட்டத்தட்ட முழுக்க மூடியிருந்தது.

கை தானாகவே திறக்கப் போனது. பிறகு நின்றது. திருகின் மேல் ஒரு கட்டைவிரல் தடம், காய்ந்துபோன சோள மாவில். கசில்தா காலையிலிருந்து மிளகாய்க் கறியில் கை வைத்துக்கொண்டிருக்கிறாள், அவள் கை முழங்கை வரை சிவப்பு. மாவில் கை வைக்கிறவள் ஒருத்திதான்.

நிமிர்ந்தார். தொட்டிக்கு அந்தப் பக்கம், கையில் தட்டோடு ஒப்துலியா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா மேஸ்திரி?" என்றாள், உள்ளே கேட்காத குரலில்.

"ஏன் இப்படிப் பண்ணீங்க?"

அவள் சிரித்த முகம் மாறவில்லை. அதுதான் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

"வாசல்ல போர்டு பாத்தீங்களா?"

"பாத்தேன். எழுத்து சாஞ்சிருக்கு."

"எழுத்து சாஞ்சாப் பரவால்ல மேஸ்திரி. பதினாலு வருஷம். அந்த மாவ அடிக்கறது நான். ஒரு துளி எடுத்துத் தண்ணியில போட்டா மெதக்கணும், அதுவரைக்கும் கை நிக்காது. பெயிண்டர்கிட்ட அக்கா பேரு சொல்லும்போது நான் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தேன். ஏணியப் புடிச்சுட்டு. என்னத் திரும்பிக்கூடப் பாக்கல."

"வாயத் தொறந்து கேட்டிருக்கலாமே?"

"எனக்குக் கோவமே வராதுன்னு எல்லாரும் சொல்லிச் சொல்லி, எப்படிக் கோவப்படறதுன்னே தெரியாமப் போச்சு. இதுதான் கைக்கு வந்துச்சு."

"பேட்டை முழுக்கச் சாப்பிட வேண்டியது, ஒப்துலியா."

"கெடுக்கணும்னு இல்ல. அக்கா இங்க வந்து, 'என்னடி பண்றது'ன்னு என்ன ஒரு வார்த்த கேட்டா அந்த நிமிஷமே தொறந்துடலாம்னு இருந்தேன். கேக்கவே இல்ல. உங்கமேல பாஞ்சிட்டா. இப்பத் தொறக்கலாம்னா ஜன்னலையே காவல் காக்கறா. நான் சிலிண்டர்கிட்ட குனிஞ்சாப் போதும், அவளுக்குப் புரிஞ்சுடும். அப்புறம் இந்த வீட்டுல நான் எப்படி இருக்கறது?"

எர்மிலோ ஜன்னலைப் பார்த்தார். கசில்தாவின் முதுகு பாதி தெரிந்தது. உள்ளே போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் மேல் விழுந்த பழி துடைத்த மாதிரி போய்விடும். கசில்தா மன்னிப்புக்கூடக் கேட்பாள், நாற்காலி அவருடையதாகவே இருக்கும். ஆனால் அக்காவும் தங்கையும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பது அன்றோடு சரி.

அவருக்குத் தன் மேலேயே வெட்கமாக இருந்தது. போர்டைப் பார்த்தபோது எழுத்து சாய்ந்திருப்பது அவர் கண்ணில் பட்டது. ஒரு பெயர் இல்லாமல் இருப்பது படவில்லை. குறை கண்டுபிடிப்பதையே தொழிலாக வைத்திருக்கிறவன் பன்னிரண்டு வருஷம் இவள் கையால் சாப்பிட்டிருக்கிறான்.

"ஜன்னல்ல யாரும் இல்லாதப்போ தொறந்துடுங்க" என்றார். "முழுசா."

"எப்ப?"

"சத்தம் கேக்கும்."

உள்ளே போய், தொப்பியைக் கழற்றித் தன் நாற்காலியில் வைத்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். பிறகு அடுப்படிக்குள் நுழைந்து பானைக்கு முன்னால் போய் நின்றார்.

"தோன்யா கசில்தா, ஜன்னல விட்டு இந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க. ரோட்டுல போறவங்க பாத்தா மானம் போயிடும், மறச்சுக்கிட்டு என்னப் பாத்து நில்லுங்க. நாபோர், தாளம் போடு."

"ஆத்தாடி!" என்றான் நாபோர், மேஜையைத் தட்ட ஆரம்பித்தான்.

எர்மிலோ கடைசியாக ஆடியது மகள் கல்யாணத்தில், அதுவும் அரைப் பாட்டுக்கு. இப்போது ஒரு காலைத் தூக்கி வைத்தார், மறு காலைத் தூக்கி வைத்தார், வழியில் கிடக்கும் குட்டையைத் தாண்டுகிறவர் மாதிரி. கை இரண்டையும் என்ன செய்வதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். முகம் மட்டும் அதே முகம். பஸ் பயணிகள் சாப்பாட்டை விட்டு எழுந்து சுவரோரம் வந்துவிட்டார்கள். கசில்தா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

"பானைகிட்ட சொல்லுங்க மேஸ்திரி! சொன்னாத்தான் ஆவும்!"

"பானையே" என்றார் எர்மிலோ. "எனக்கு அந்தப் பஸ் டிரைவர் மேல கோவம். பிரேக்க மிதிக்கறதுக்குப் பதிலா ஒதைக்கறான்."

மேஜைத் தாளம் வேகமானது.

"பானையே, எம் பேரன் மேல கோவம். ரெண்டு நிமிஷத்துக்கு மேல போன்ல நிக்கமாட்டேங்கறான்."

இதற்குச் சுவரோரம் நின்ற பஸ் பயணி அம்மாள் ஒருத்தி, "ஐயோ பாவம்" என்றாள். எர்மிலோவுக்கு மூச்சு வாங்கியது. வலது முட்டி கிர்ரென்றது. நெற்றி வேர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது. மூன்றாவதாக ருஃபினாவின் மேல் கோபம் என்றார், தன்னை விட்டுவிட்டு முந்திக்கொண்டு போனதற்கு. அதைச் சொல்ல வேண்டும் என்று அவர் நினைக்கவே இல்லை, தானாக வந்துவிட்டது. நாபோரின் கை ஒரு கணம் தயங்கிவிட்டு மறுபடி தட்டியது.

அப்போது அவர் காதுக்கு மட்டும் கேட்டது. செங்கல் கட்டுக்குள் பர்னர் ஒருமுறை இருமிவிட்டு, அகலமாக மூச்சு விட ஆரம்பித்தது. திருகு திறந்தாயிற்று.

அவர் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆட வேண்டிய அளவுக்கு ஆடியாயிற்று, தமால் வெந்துவிடும், கசில்தா சிரித்துவிட்டாள், நாற்காலி பத்திரம். யாராக இருந்தாலும் அதோடு தொப்பியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பார்கள். நானாக இருந்தால் நிச்சயம் உட்கார்ந்திருப்பேன். எர்மிலோ நிறுத்தவில்லை.

"பானையே, இன்னும் ஒண்ணு பாக்கி. எனக்கு அந்தப் போர்டு மேல கோவம்."

கசில்தா துணியை வாயிலிருந்து எடுத்தாள்.

"பன்னெண்டு வருஷமா இந்தக் கடையில ரெண்டு பேரு கையால சாப்பிட்டிருக்கேன். குழம்பு ஒருத்தரோடது. மாவு இன்னொருத்தரோடது. போர்டுல ஒரு பேருதான் இருக்கு. மாவு இல்லாமத் தமால் ஏது? எனக்கு அதுதான் கோவம். எழுதச் சொன்னவங்க மேலயும் கோவம், இத்தன வருஷம் தின்னுட்டு அத யோசிக்காம இருந்த என் மேலயும் கோவம்."

நாபோரின் கை மேஜையிலேயே நின்றுவிட்டது. எர்மிலோவும் நின்றார். கசில்தாவின் முகம் கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டே போனது. அவள் கடையில், அவள் பேட்டை விருந்து நாளில், வெளியூர்க்காரர்கள் முன்னால் இதுவரை யாரும் அவளிடம் இப்படிப் பேசியதில்லை.

"வாய மூடுங்க மேஸ்திரி" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. முடிந்தது, இனி எதிர்ச்சாரிதான் என்று நினைத்துக்கொண்டார்.

அப்போது பானைக்குள்ளிருந்து, டக் என்றது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டக். பிறகு விடாமல், குளிரில் பல் தந்தியடிக்கிற மாதிரி, டக டக டக டக.

கசில்தா சிலுவை போட்டுக்கொண்டாள். பானையைப் பார்த்தாள். வாசல் பக்கம் திரும்பிப் போர்டு தொங்குகிற இடத்தைப் பார்த்தாள். கொல்லைக் கதவில் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஒப்துலியா நின்றாள்.

"உனக்கும் இந்தக் கோவம் இருந்துச்சாடி?"

ஒப்துலியா முதல்முறையாகச் சிரிக்காமல் நின்றாள். "இருந்துச்சு, அக்கா."

"எப்பயிருந்து?"

"பெயிண்டர் வந்த நாள்லயிருந்து."

"வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன?"

"நீ கேக்கறதுக்கு என்ன?"

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். போர்டில் ஆரம்பித்து, அம்மாவின் கம்மல் யாருக்குப் போனது என்பது வரைக்கும் போனார்கள். ஒப்துலியாவின் தொண்டைக்குள் அவ்வளவு பெரிய குரல் இருந்தது பக்கத்துக் கடைக்காரருக்கே அன்றுதான் தெரிந்தது. கால் மணி நேரம் அடுப்படி அதிர்ந்தது. அத்தனை கோபத்துக்கும் நடுவில் பானை பாட்டுக்குக் கொதித்துக்கொண்டிருந்தது. அதைப் பற்றி மட்டும் யாரும் யோசிக்கவில்லை. கடைசியில் கசில்தா உடைந்து அழுதாள். தங்கையின் தலையைத் தன் கனத்த தோளில் இழுத்துச் சாய்த்துக்கொண்டு, "அந்தப் பெயிண்டர் பயல நாளைக்கே வரச் சொல்றேன், உம் பேர மொதல்ல எழுதச் சொல்றேன், போதுமா?" என்றாள். "மொதல்ல வேணாம், பக்கத்துல போதும்" என்றாள் ஒப்துலியா, அவளும் அழுதபடி.

எர்மிலோ இதற்குள் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளிப்பக்கம் வந்துவிட்டார். அவரை யாரும் பார்க்கவில்லை. கசில்தா அவரிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தை வாயை மூடுங்கள் என்பதுதான். அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அக்கா தங்கை சேர்ந்துவிட்டார்கள், நல்லது. நடுவில் மூக்கை நுழைத்தவனை வீட்டுக்காரர்கள் பிறகு நினைத்துப் பார்க்கும்போது எப்படி நினைப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். சொன்னதற்காக வருத்தப்பட முடியுமா என்று முயன்று பார்த்தார், வருத்தம் வரவில்லை. ஆனால் துக்கமாக இருந்தது. மேஜைக்கு அடியிலிருந்து இரும்புப் பெட்டியை எடுத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் இரண்டு மணி பஸ் வந்து நின்றது. இறங்கினவர்கள் மொத்தமாக உள்ளே வந்தார்கள். மேஜையெல்லாம் நிறைந்துவிட்டது. மீசை வைத்த ஒருவர், அலுத்துப்போய் வந்தவர், அடுப்படிச் சுவரோரம் இருந்த நாற்காலியை இழுத்தார்.

"அதுல உக்காராதீங்க!" உள்ளேயிருந்து கசில்தாவின் குரல் வந்தது. அழுத குரல், ஆனால் பழைய குரல். "அது எங்க வீட்டு ஆளோட எடம்."

"ஆளக் காணோமே, தோன்யா?"

"வருவாரு. நீங்க நின்னுட்டே சாப்பிடுங்க, கால் ஒண்ணும் தேஞ்சிடாது." பிறகு சுவருக்கு மேல் தலை தெரிந்தது. கண் சிவந்திருந்தது. வாசற்படியில் பெட்டியோடு நிற்கிறவரைப் பார்த்தாள். "எங்க கெளம்பிட்டீங்க மேஸ்திரி? இத்தன பேருக்குச் சூப்பு யாரு எடுத்துட்டுப் போறது? எனக்கு முட்டி இல்ல, அவ தமாலப் பாத்துக்கணும். பெட்டிய வெச்சுட்டுக் கையக் கழுவிட்டு வாங்க."

வாரம் ஆறு நாள், முப்பத்தைந்து வருஷம், எத்தனையோ கடையில் அவருக்குச் சாப்பாடு போட்டிருக்கிறார்கள். சாப்பிடப் போன எந்தக் கடையிலும் யாரும் அவரிடம் ஒரு வேலை சொன்னதில்லை.

பெட்டியை வைத்தார். கையைக் கழுவினார். ஒப்துலியா நீட்டிய தட்டத்தில் எட்டுக் கிண்ணம் சூப்பை வாங்கிக்கொண்டு, ஒரு சொட்டு சிந்தாமல், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே மேஜை மேஜையாகப் போனார். பிறகு சோறு. பிறகு குழம்பு. மாலையில் பேட்டை முழுக்க வந்தபோது தமால் கூடையைத் தூக்கினதும் அவர்தான். அந்தச் சுவரோர நாற்காலி மதியத்திலிருந்து விளக்கு வைக்கிற வரை காலியாகவே கிடந்தது. ஆட்கள் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள், அதில் யாரும் உட்காரவில்லை. எர்மிலோவுக்கும் உட்கார நேரமில்லை.